‘100 தானியம் மருந்து’: கிரெயின் என்ற அளவை

அமெரிக்காவில் குழலின் வாய்வழியே வெடிமருந்தையும் குண்டையும் கெட்டிக்கும் துப்பாக்கியால் மான் வேட்டையாடுவோருக்குப் பல மாநிலங்களில் தனிப் பருவமே உண்டு. அதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் “100 தானியத் தூள், 250 தானியத் தோட்டா” என்று கூசாமல் போட்டுவிடுகிறார்கள். எந்தத் தானியம்? கம்பா, கேழ்வரகா?

அவர்கள் ‘தானியம்’ ஆக்கியது கிரெயின் என்ற ஆங்கில எடை அளவையை. அந்தச் சொல் லத்தீன் ‘கிரானும்’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பொருள் விதை, மணி. வாற்கோதுமை மணியின் எடையிலிருந்து பிறந்த அளவை. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். பிறப்புக் கதை இவ்வளவுதான்.

தனித்தமிழ் அன்பர்கள் ‘நெல்லெடை’ என்கிறார்கள். வேறு சிலர் ‘குன்றிமணி’. ஆங்கிலேயர் வாற்கோதுமையை வைத்தார்கள், நாம் நெல்லை வைத்தோம், இரண்டும் ஒன்றுதானே என்பது வாதம். கேட்க இனிக்கிறது, கணக்குத்தான் உதைக்கிறது. ஒரு குன்றிமணி சுமார் 120 மில்லிகிராம், அதாவது 2 கிரெயினுக்குச் சற்றுக் குறைவு. 4 நெல்லெடை ஒரு குன்றிமணி என்பது பழைய வாய்பாடு. ஆக, ஒரு நெல்லெடை அரைக் கிரெயின்கூட இல்லை. 100 கிரெயின் மருந்தை 100 நெல்லெடை என்று நம்பிப் போட்டால் பாதிகூடத் தேறாது. மான் காயத்தோடு ஓடும். 100 குன்றிமணி என்று நம்பினால் 185 கிரெயின் ஆகிவிடும். இன்லைன் எனப்படும், மருந்துக்கு நேர் பின்னாலிருந்து பற்றவைக்கும் நவீன வகைத் துப்பாக்கிகளுக்கே 150தான் வழக்கமான உச்சம். மைலைக் காதம் என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

‘நெல்லெடை’யில் ஒட்டியிருக்கும் ‘எடை’ அதைவிடப் பெரிய வம்பு. குண்டுக்குச் சொல்லும் கிரெயின் எடை. மருந்துக்குச் சொல்லும் கிரெயின் பெரும்பாலும் கொள்ளளவு. அளவுக் குழாயில் 100 என்ற கோடு வரை கருமருந்தை, அதாவது பழைய கரி வெடிமருந்தை, கொட்டினால் தராசிலும் ஏறத்தாழ 100 காட்டும். கருமருந்துக்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸ் தூளைக் கொட்டினால் 70 சொச்சம்தான். இன்னொரு மாற்றான பிளாக்ஹார்ன் 209 தூளும் கொள்ளளவில் 100 என்றால் எடையில் 70. அதன் வரம்பு கொள்ளளவில் 120, எடையில் 84. ‘எடை’ என்று படித்தவர் அதையே தராசில் 100 கிரெயின் நிறுத்துப் போட்டால், கொள்ளளவில் 140ஐத் தாண்டிவிடும். டிரிபிள் செவன் என்ற மாற்றுத் தூள் வேறு ரகம்: அதே கொள்ளளவில் கருமருந்தைவிட வீரியம் கூடுதல், ஆகவே 15 விழுக்காடு குறைத்துப் போடுகிறார்கள். (இக்காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை இந்த வகைத் துப்பாக்கிகளில் எந்த அளவிலும் போடக் கூடாது. குழல் வெடிக்கும்.)

அளவைக்குக் கிரெயின் என்றே எழுதுங்கள். பக்கத்தில் எடையா கொள்ளளவா என்று ஒரு சொல் சேருங்கள். 0.50 அங்குலக் குழலுக்கு: “0.490 அங்குல உருண்டைக் குண்டு, 177 கிரெயின் எடை. கருமருந்து 80 கிரெயின் கொள்ளளவு.” ‘மணி’ என்ற நல்ல தமிழ்ச் சொல்லுக்கும் இங்கே வேலை இருக்கிறது. மருந்தின் பருமனைக் குறிக்கும் எஃப் எழுத்துகள் கூடக் கூட மணி பொடியாகும், பொடி மணி விரைந்து எரியும். 0.50 குழலுக்கு வழக்கம் இரண்டு எஃப், சிறிய குழல்களுக்கு மூன்று. அந்த மணியையும் ‘தானியம்’ ஆக்கி, ஒரே பத்தியில் இரண்டு பொருளுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்புகிறவர்களை என்ன சொல்ல?

இவர்களே குண்டைத் ‘தோட்டா’ என்கிறார்கள். தோட்டா என்பது மருந்தும் குண்டும் ஒரே கூட்டுக்குள் அடங்கியது. இந்தத் துப்பாக்கியில் அந்தக் கூடே கிடையாது. முதலில் மருந்து, பிறகு குண்டு. ஒரு முறை போடும் மருந்தளவைத் ‘தூள் சுமை’ என்பது இன்னும் மோசம். சுமக்க என்ன இருக்கிறது? கெட்டித்தல் என்ற சொல் நாட்டுத் துப்பாக்கிக்காரர் வாயில் புழங்குவது, செய்யும் வேலையையே சொல்வது. குண்டு மருந்தின் மேல் அழுந்தி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால், சுடும்போது அந்த இடத்தில் குழல் வளையமாகப் புடைத்துவிடும். சரியாகக் கெட்டித்த நிலையில் குழல் வாய்க்கு நேரே, கெட்டிக்கும் கோலில் ஒரு கோடு போட்டுக்கொள்வது அதற்குத்தான். அடுத்த முறை கோடு வாய்க்கு மேலே நின்றால் குண்டு இன்னும் இறங்கவில்லை.