சர்வர் நிற்கிறது, சிபியு சும்மா இருக்கிறது: ஏன்?

சர்வர் பதில் தராமல் திணறும். சிபியு வரைபடமோ ஏறக்குறைய தரையோடு கிடக்கும். இப்படி ஒரு சிக்கலோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அசிங்க் நிரலுக்குள் (ஒரு பணி காத்திருக்கும்போது மற்றதற்கு வழிவிடும்படி எழுதிய நிரல்) த்ரெட்டையே, அதாவது கட்டளைகளை வரிசையாக இயக்கும் இழையையே, நிறுத்திவைக்கும் அழைப்பு எங்காவது இருக்கிறதா என்பதைத்தான். பெரும்பாலும் இருக்கும்.

பணி காத்திருப்பது வேறு, அதைச் சுமக்கும் த்ரெட் காத்திருப்பது வேறு. இயங்குதளத்தின் சாதாரண த்ரெட் ஒன்று தரவுக்காக நின்றால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை உறங்கவைத்துவிட்டு, சிபியுவில் அது ஓடிய அந்தக் கோரை (கணக்கிடும் அலகை) இன்னொரு த்ரெட்டுக்குக் கொடுத்துவிடும். விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் த்ரெட்டையும் டைமர் குறுக்கீட்டின் மூலம் இறக்கிவிடும். அங்கே யார் எப்போது ஓடுவது என்று முறை வைக்கும் கெர்னலின் கையில் அதிகாரம் இருக்கிறது.

பைத்தானின் அசிங்க் நூலகமான அசிங்க்ஐஓவிலும் ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸிலும் அந்த அதிகாரம் இல்லை. ஆயிரக்கணக்கான பணிகள் ஒரே த்ரெட்டில் மாறி மாறி ஓடுகின்றன. ஒரு பணி அவெய்ட் (விடைக்காகக் காத்திரு) என்று எழுதிய இடத்தில் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு வழி. அசிங்க்ஐஓ.ஸ்லீப் 5 என்று எழுதினால் அந்தப் பணி மட்டும் 5 வினாடி ஒதுங்கும். டைம்.ஸ்லீப் 5 என்று எழுதினாலோ அத்தனை இணைப்புகளும் 5 வினாடி உறைந்துவிடும். செயல்கூறின் முன்னால் அசிங்க் என்று போட்டுவிட்டதால் உள்ளே இருக்கும் பழைய டேட்டாபேஸ் டிரைவர் திருந்திவிடாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதித் துயரம் குறையும்.

கனமான கணக்கீடும் இதே வேலையைச் செய்யும். பெரிய ஜேசான் கோப்பைப் பிரிக்கும்போது ஒரே ஒரு கோர் மட்டும் கொதிக்கும். 16 கோர் உள்ள கணினியில் மொத்தச் சராசரியைப் பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது.

கோ மொழி இதில் பெரிதும் கைகொடுக்கிறது. 2020இல் வந்த 1.14 பதிப்பிலிருந்து, செயல்கூறு அழைப்பே இல்லாத இறுக்கமான சுழற்சியையும் அதன் ரன்டைமால் (நிரலை ஓட்டும் அடித்தளத்தால்) இடைமறிக்க முடிகிறது.

பைத்தானில் இதற்கு மாற்று, நிறுத்தும் அழைப்பை அசிங்க்ஐஓ.டு_த்ரெட் மூலம் தனி த்ரெட்டுக்கு அனுப்புவது. ரஸ்ட் மொழியின் அசிங்க் நூலகமான டோக்கியோவில் இதற்கு ஸ்பான்_பிளாக்கிங் இருக்கிறது. ஆனால் இப்படி அனுப்பப்படும் வேலைகளை ஏற்கும் த்ரெட் தொகுப்புக்கும் எண்ணிக்கையில் எல்லை உண்டு. நோட்.ஜேஎஸ்ஸில் அது இயல்பாக வெறும் 4. கோப்பு வாசிப்பு, டிஎன்எஸ்.லுக்அப், கடவுச்சொல் ஹாஷ் எல்லாம் அந்த நான்கையே பங்கிடுகின்றன. உள்நுழைவோர் கூட்டம் சேர்ந்தால், சம்பந்தமே இல்லாத கோப்பு வாசிப்பும் வரிசையில் நிற்கும்.

அதைவிடக் கொடியது ஒன்று உண்டு: தொகுப்பில் ஓடும் பணி, அதே தொகுப்பில் இன்னொரு பணியைப் போட்டுவிட்டு அதன் விடைக்காக நிற்பது. எல்லா த்ரெட்களும் இப்படி நின்றுவிட்டால் விடை தர ஆளே இல்லை. பிழைச்செய்தி வராது, பதிவேட்டிலும் ஒரு வரி இருக்காது. ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நேரத்தில் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப் எடுத்துப் பாருங்கள். எல்லா த்ரெட்களும் ஒரே வரியில் நின்றால் காரணம் அந்த வரியில்தான் இருக்கும்.

பைத்தானில் எழுதுபவர்கள் சோதனைச் சூழலில் அசிங்க்ஐஓவின் டீபக் நிலையை இன்றே இயக்கிவையுங்கள். 100 மில்லிவினாடிக்கு மேல் லூப்பை (பணிகளை மாறி மாறி ஓட்டும் சுழற்சியை) பிடித்துவைக்கும் ஒவ்வொன்றையும் அது பதிவேட்டில் எழுதிக் காட்டும்.