லேப்ல ஊரும் குடும்பமும் கேட்டா கோவப்படாதீங்க

நாகர்கோவில்ல ரத்தப் பரிசோதனை லேப், ரத்த வங்கின்னு வேல பாக்குற பேத்தாலஜி டாக்டர் நான். சில ரிப்போர்ட்ட பாத்ததும் ஆள உள்ள கூப்பிட்டு, உங்க அப்பா அம்மா சொந்தமா, பூர்வீகம் எந்த ஊரு, வீட்டுப் பேரு என்ன, பொண்ணு எடுக்குறது கொடுக்குறதெல்லாம் எந்த ஊர்கள்லன்னு கேப்பேன். பல பேருக்கு முகம் மாறிடும். "சுத்தி வளைச்சி ஜாதிய தானே கேக்குதீய டாக்டரே"ன்னு ஒருத்தர் நேராவே கேட்டாரு. அந்தக் கோவத்துல நியாயம் இருக்கு. ஜாதி கேட்டு யார எங்க நிக்க வச்சாங்கன்னு இந்த மண்ணுக்கு நல்லாவே தெரியும், பொம்பளைங்க மேல சீலை போடுறதுக்கே வருஷக்கணக்கா போராட வேண்டியிருந்துச்சு, 1859-லதான் திருவிதாங்கூர் அரசு அதுக்கு உத்தரவு போட்டுச்சு, அதுவும் அரைகுறையா. அதனால நாங்க ஏன் கேக்குறோம், எதுக்கு கேக்குறோம்ங்கிறத விவரமா எழுதிடுறேன்.

கன்னியாகுமரி சின்ன மாவட்டம், 2011 சென்சஸ்படி 18 லட்சத்து 70 ஆயிரம் பேரு. ஆனா இதுக்குள்ள இருக்குற கலவை சாதாரணம் இல்ல. மேக்க விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீட்டுக்குள்ள மலையாளம் பேசி வெளிய தமிழ் பேசுற குடும்பங்க உண்டு, கிழக்க தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் நாஞ்சில்நாட்டு வயக்காட்டு சனங்க, பேச்சிப்பாறைக்கு மேல காட்டுல காணிக்காரங்க, நீரோடிலேருந்து ஆரோக்கியபுரம் வரைக்கும் கடற்கரைல முக்குவரும் பரதவரும், தேங்காப்பட்டணம் திருவிதாங்கோடு தக்கலை பக்கம் தலைமுறை தலைமுறையா இருக்குற முஸ்லிம் குடும்பங்க, வடசேரில நெசவாளிங்க. ஆரல்வாய்மொழி கணவாய் வழியா பாண்டிநாட்டு ஆளுங்க வந்தாங்க, கடல் வழியா அரபு வியாபாரிங்க வந்தாங்க, 1741-ல குளச்சல் சண்டைல பிடிபட்ட டச்சுக் கம்பெனி படை அதிகாரி டிலனாய் கடைசில திருவிதாங்கூர் ராஜாவுக்கே தளபதியா இருந்து இங்கேயே செத்தாரு, கல்லறை இன்னைக்கும் உதயகிரி கோட்டைல இருக்கு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர் பக்கம், அதுக்கப்புறம் தமிழ்நாடு. யாரு அசலு, யாரு வந்தவன்னு இங்க யாராலும் கோடு போட முடியாது, போட முயற்சி பண்றவங்க மேல எனக்கு நல்ல அபிப்பிராயமும் இல்ல.

ஆனா லேப்ல உக்காந்து பாக்குறப்ப இந்தக் கலவைக்குள்ள இன்னொன்னு தெரியும். வந்து சேந்த பாதை பலதா இருந்தாலும், கல்யாணம்னு வந்தா நாம ரொம்ப சின்ன வட்டத்துக்குள்ளதான் சுத்துறோம்.

இந்தியா பூராவுமே இதே கததான். 2013-ல வந்த ஒரு மரபணு ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா, இன்னைக்கு இந்தியால இருக்குற கிட்டத்தட்ட எல்லா சமூகமும், மேல கீழன்னு சொல்லிக்கிடுற எல்லாமே, சுமார் 4,200 வருஷத்துக்கு முன்னாலேருந்து 1,900 வருஷத்துக்கு முன்னால வரைக்கும் நல்லா கலந்திருக்கு, அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு கூட்டமும் தனக்குள்ளேயே கல்யாணம் பண்ணி கதவ சாத்திக்கிடுச்சு. ஆக சுத்த ரத்தம்னு ஒண்ணு எந்த ஜாதிக்கும் கெடையாது, கலந்த ரத்தத்த எடுத்து தனித்தனி பானைல ஊத்தி மூடி வச்ச மாதிரிதான் நாம எல்லாரும். 2017-ல இன்னொரு ஆராய்ச்சி வந்துச்சு, தெற்காசியால 263 சமூகங்கள பாத்ததுல 81 சமூகங்கள்ல ஃபின்லாந்து ஆளுங்க, ஐரோப்பா வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள், இவங்களவிட மூதாதையர் வட்டம் சுருங்கியிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அந்த ரெண்டு கூட்டத்தையும் பரம்பரை நோய்க்கு உதாரணமா உலகம் பூரா டாக்டர்கள் பாடத்துல படிக்கிறாங்க, ஆனா நம்ம பக்கத்துல இத யாரும் பேசுறதில்ல.

ஒரு மூதாதையர்கிட்ட ஒரு மரபணுல சின்ன கோளாறு இருக்குன்னு வைங்க. அது மாதிரி ரெண்டு மூணு கோளாறு உங்ககிட்ட, என்கிட்ட, எல்லார்கிட்டயும் இருக்கும், ஒத்தையா இருந்தா ஒண்ணும் பண்ணாது. அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து அதே ஒண்ணுன்னு ஜோடியா வந்தாதான் பிள்ளைக்கு நோய். வெளிய கல்யாணம் பண்ணா அந்த ஜோடி சேர்ற வாய்ப்பு ரொம்ப கம்மி. மாமன் மகன், அத்தை மகள்னா மரபணுல எட்டுல ஒரு பங்கு ஒண்ணா இருக்கும், தாய்மாமனையே கட்டினா நாலுல ஒரு பங்கு. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறைபாட்டு ரிஸ்க் நூத்துல ரெண்டு மூணு உண்டு, முறைமாமன் மகனோட கல்யாணம்னா அதுக்கு மேல இன்னொரு ரெண்டு மூணு கூடும். பயமுறுத்துறதுக்காக சொல்லல, சொந்தத்துல கட்டினவங்களுக்கும் பெரும்பாலும் பிள்ளைங்க நல்லாத்தான் பிறக்கும், ஆனா பிள்ளைக்கு ஒண்ணுன்னா டாக்டருக்கு அந்த விவரம் முதல் நாளே தெரிஞ்சிருக்கணும்.

"நாங்க சொந்தம் இல்ல"ன்னு சொல்றவங்க விஷயம்தான் இன்னும் முக்கியம். கடற்கரைல ஒரு ஊர்ல இருந்துக்கிட்டு நாலஞ்சு தலைமுறையா பக்கத்து மூணு நாலு ஊர்லயே பொண்ணு எடுத்து கொடுத்தா, பேப்பர்ல சொந்தம் இல்லாம இருக்கலாம், ரத்தத்துல சொந்தம்தான். மேக்க வீட்டுப் பேரு பாருங்க, பாதி 'விளை'ன்னு முடியும், கணவனோட பாட்டிக்கும் மனைவியோட தாத்தாவுக்கும் ஒரே விளைன்னா நான் பேனாவ எடுத்து படம் போட ஆரம்பிச்சிடுவேன். இதனாலதான் ஜாதிப் பேர நான் கேக்குறதே இல்ல. ஒரு ஜாதிப் பேருக்குள்ள லட்சக்கணக்கான பேரு இருக்காங்க, அதுக்குள்ள எத்தனையோ தனித்தனி வட்டம். எனக்கு வேண்டியது அந்த வட்டம், பேரு இல்ல.

மதமும் அப்படித்தான். 1544-ல பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைல ஞானஸ்நானம் கொடுத்தாரு, 1806-ல புராட்டஸ்டன்ட் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தாரு, அதுக்கப்புறம் ஒரே குடும்பத்துல அண்ணன் சர்ச்சுக்கும் தம்பி கோயிலுக்கும் போன வீடு எவ்வளவோ. இன்னைக்கு மாவட்டத்துல இந்துக்களும் கிறிஸ்தவங்களும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. மதம் மாறினா பேரு மாறும், மரபணு மாறாது. ஆர்.சி. குடும்பத்துல ஒரு பிள்ளைக்கு கண்டுபிடிச்ச நோய் ரெண்டு தெரு தள்ளி இந்து குடும்பத்துல உள்ள பிள்ளைக்கும் இருந்து, கிளறிப் பாத்தா கொள்ளுத்தாத்தா ஒருத்தர்தான்னு வரலாம். கத்தோலிக்கங்களுக்கு ஒரு வசதி உண்டு, நெருங்கின சொந்தத்துல கட்டணும்னா சபை விதிப்படி விலக்கு வாங்கணும், அதனால பங்குக் கோயில் ரிஜிஸ்டர்ல பல குடும்பத்து விவரம் எழுத்தாவே கெடக்கு. போய்க் கேளுங்க.

எங்க வேலைல இது எங்க உதவுதுன்னு ஒரு கேஸ் சொல்லுதேன், அடையாளம் தெரியாம இருக்க விவரத்த மாத்தியிருக்கேன். கல்யாணமாகி கர்ப்பமா வந்த பொண்ணு, ரத்தம் கம்மின்னு சின்ன வயசுலேருந்தே இரும்புச்சத்து மாத்திரை தின்னு தின்னு சலிச்சிருக்கா, ஏறவே இல்ல. அவளோட சிபிசி, அதாவது ரத்த அணுக்கள எண்ணுற டெஸ்ட், அந்த ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் கம்மி, ஆனா சிவப்பணு எண்ணிக்கை கூடுதல், ஒவ்வொரு சிவப்பணுவும் ரொம்பச் சின்னது, அதாவது எம்சிவி கம்மி. இரும்புச்சத்து கொறஞ்சாலும் எம்சிவி கம்மியாகும், ஆனா சிவப்பணு எண்ணிக்கையும் சேந்து கொறையும், இங்க கூடியிருக்கு. ஹீமோகுளோபின் வகைகள பிரிச்சு அளக்குற ஹெச்பிஎல்சி டெஸ்ட் போட்டோம், ஹீமோகுளோபின் ஏ2 மூணரை சதவீதத்த தாண்டியிருந்துச்சு, அதாவது பீட்டா தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோயோட கேரியர். அவளுக்கு அதனால பெருசா பிரச்சனை இல்ல, ஒத்தை கோளாறுதான். "வீட்டுக்காரர் யாரும்மா"ன்னு கேட்டேன், "அம்மாவோட அண்ணன் மகன் அத்தான்தான் டாக்டரே"ன்னா. அவரையும் டெஸ்ட் பண்ணா அவரும் கேரியர். ரெண்டு பேரும் கேரியர்னா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு பிள்ளைக்கு தலசீமியா மேஜர், அதாவது வாழ்நாள் பூரா மாசாமாசம் ரத்தம் ஏத்தணும். நல்லவேள சீக்கிரம் வந்தா, சுமார் 11 வாரத்துக்கு மேல நஞ்சுக்கொடியிலேருந்து துளி எடுத்து டெஸ்ட் பண்ணலாம், பண்ணாங்க, பிள்ளையும் அப்பா அம்மா மாதிரி கேரியர்தான், நல்லா இருக்கு. ஆறு மாசம் கழிச்சி வந்திருந்தா முடிவெடுக்க நேரமே இருந்திருக்காது. அவ கூடப் பிறந்தவங்களையும் வரச் சொல்லி பாத்தோம், அதுலயும் கேரியர் இருந்தாங்க, கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிஞ்சது.

இன்னொன்னு ஆபரேஷன் தியேட்டர் சம்பந்தப்பட்டது. மயக்க மருந்து கொடுக்குறப்ப சக்சினைல்கோலின்னு தசைய தளர வைக்கிற ஒரு மருந்து போடுவாங்க, சில நிமிஷத்துல அதோட வேகம் போயிடும். சில குடும்பங்கள்ல அத கரைக்கிற என்சைம் பிறவிலேயே கம்மி, அவங்களுக்கு மணிக்கணக்குல மூச்சுத் தசை வேல செய்யாது, வென்டிலேட்டர்லதான் வைக்கணும். வைசிய சமூகத்துல இது கூடுதலா இருக்குன்னு ஆராய்ச்சியில வந்திருக்கு, ஆனா யாருக்கும் இருக்கலாம். "வீட்டுல யாராவது ஆபரேஷனுக்கு அப்புறம் சீக்கிரம் முழிக்காம இருந்தாங்களா"ன்னு மயக்க டாக்டர் கேக்குறது இதுக்குத்தான், தயவுசெஞ்சி யோசிச்சு பதில் சொல்லுங்க. ரத்த வங்கியில பாம்பே குரூப்னு ஒண்ணு உண்டு, 1952-ல பம்பாயில கண்டுபிடிச்சது, இந்தியால சுமார் 10,000 பேர்ல ஒருத்தருக்கு. மேலோட்டமா டெஸ்ட் பண்ணா ஓ குரூப் மாதிரியே காட்டும், ஓ ரத்தம் ஏத்தினா உயிருக்கே ஆபத்து, இன்னொரு பாம்பே குரூப் ஆளோட ரத்தம்தான் ஏத்தணும். இதுவும் ஜோடி சேந்து வர்ற விஷயம், அதனால ஒருத்தருக்கு இருந்தா அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாரையும் கூப்பிட்டு பாப்போம், ரத்தம் வேணும்னா முதல்ல அவங்கதான் கை கொடுக்கணும்.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். இதயத் தசைல எம்ஒய்பிபிசி3-ன்னு ஒரு மரபணு, அதுல 25 எழுத்து விட்டுப்போன மாற்றம் தெற்காசியால நூத்துல நாலு பேருக்கு இருக்கு, வயசானப்புறம் இதயம் பலவீனமாகுற ரிஸ்க்க கூட்டுதுன்னு 2009-ல கண்டுபிடிச்சாங்க. இது ஒரு ஜாதியோட சொத்து இல்ல, எல்லா பக்கமும் பரவிக் கெடக்கு. "அது அந்தக் கூட்டத்துக்காரங்க வியாதி, நமக்கு வராது"ன்னு பேசுறத கேட்டா எனக்கு பொறுக்காது.

மணவாளக்குறிச்சி பக்கம் பிள்ளைக்கு ஏதாவது கோளாறுன்னா கருமணல் மேல பழி போடுறாங்க. மணல்ல மோனசைட் இருக்கு, கதிர்வீச்சு சாதாரணத்தவிட கூட, உண்மை. ஆனா இதே மாதிரி மணல் உள்ள கேரளக் கடற்கரைல பிறந்த குழந்தைங்கள வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு பாத்ததுல அதனால பிறவிக் குறைபாடு கூடுனதா தெரியல. மணலப் பாக்குறதுக்கு முன்னால அப்பா அம்மா குடும்பத்தப் பாக்கணும்.

இப்ப எச்சில் அனுப்புனா வம்சாவளி சொல்லுதோம்னு ஆன்லைன் கிட் வருது, துபாய்லயும் அமெரிக்காவுலயும் இருக்குற பிள்ளைங்க வாங்கி வீட்டுல உள்ள பெரியவங்களுக்கும் எடுத்து, ரிப்போர்ட்ட வாட்சப்ல அனுப்பி "டாக்டர், எங்க குடும்பம் எங்கேருந்து வந்துச்சு"ன்னு கேக்குறாங்க. ஆர்வம் தப்பில்ல. ஆனா அந்த சதவீதமெல்லாம் கம்பெனிகிட்ட ஏற்கனவே உள்ள சாம்பிளோட ஒப்பிட்டு போடுற கணக்கு, சாம்பிள் மாறினா சதவீதமும் மாறும், ஒரே எச்சிலுக்கு ரெண்டு கம்பெனி ரெண்டு பதில் சொல்லும். அப்பா வழி மார்க்கர், அதாவது மரபணு அடையாளம், அப்பாவோட அப்பாவோட அப்பான்னு ஒத்தை வரி, அம்மா வழி மார்க்கரும் அதே மாதிரி ஒத்தை வரி. பத்து தலைமுறை பின்னால போனா உங்களுக்கு 1,024 மூதாதையர், அதுல ரெண்டு பேரப் பத்தித்தான் அந்த ரெண்டு வரியும் பேசுது. அத வச்சி ஜாதிப் பெருமை பேசுறது அறிவியல் இல்ல. அந்தக் காசுல கல்யாண வயசுல உள்ள பிள்ளைக்கு ஒரு சிபிசியும் ஹெச்பிஎல்சியும் எடுத்தா பிரயோஜனம் உண்டு.

வம்சாவளி வேணும்னா வீட்டுலயே இருக்கு. பெரும்பாலும் அப்பா பக்கம் நாலு தலைமுறை சொல்லிடுவாங்க, அம்மா பக்கம் கேட்டா பாட்டி பேரு கூட தெரியாது. மருமக்கள் வழி, அதாவது தாய்வழி சொத்துரிமை, இருந்த நாயர், நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் வீடுகள்ல வயசான அம்மாமாருக்கு தாய்வழி தெளிவா தெரியும், அவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வச்சிக்கிடுங்க. மரபணுக்கு ரெண்டு பக்கமும் சமம். ஒரு நோட்டுல மூணு தலைமுறை போதும்: யாரு யாருக்கு என்ன சொந்தம், சின்ன வயசுல இறந்த பிள்ளைங்க, திரும்பத் திரும்ப கலைஞ்ச கர்ப்பம், ரத்தம் ஏத்தினவங்க, காது கேக்காதவங்க, அம்பது வயசுக்குள்ள ஹார்ட் அட்டாக்ல போனவங்க. சின்ன வயசுல இறந்த பிள்ளையப் பத்தி வீட்டுல பேசவே மாட்டாங்க, அதுதான் எங்களுக்கு பல நேரம் துப்பு.

கேரியர்னு ரிப்போர்ட் வந்தா அது நோய் இல்ல, அசிங்கமும் இல்ல. புரோக்கர்கிட்ட கொடுக்க வேண்டியதும் இல்ல, அந்த ரிப்போர்ட் உங்களோடது, கட்டப்போற ஆளுகிட்ட நீங்களே நேரா சொல்லி அவங்களையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. அவங்க கேரியர் இல்லன்னா உங்க பிள்ளைக்கு தலசீமியா மேஜர் வரும்னு பயப்பட வேண்டியதில்ல. இரும்புச்சத்து ரொம்ப கம்மியா இருந்தா ஏ2 அளவு கொறச்சுக் காட்டும், அதனால உடம்புல இரும்புச்சத்து இருப்ப காட்டுற ஃபெரிட்டின் டெஸ்டும் சேத்து பாருங்க, கம்மின்னா அத சரி பண்ணிட்டு ஹெச்பிஎல்சிய இன்னொரு தடவ எடுங்க.