கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா?

கண் பரிசோதனைக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், சீட்டில் எழுதியிருக்கும் மைனஸ் 2 என்றால் என்ன என்று கேட்பேன். "பவர்" என்பார்கள். பவர் என்றால்? பதில் வராது. இத்தனைக்கும் ஒன்றைக் குவியத் தொலைவால் வகுத்தால் லென்ஸின் திறன் வரும் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். நோட்டில் இருக்கும் அந்தச் சூத்திரம்தான் தங்கள் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாது.

சரி, போட்டுப் பார்ப்போம். ஒன்றை 2-ஆல் வகுத்தால் அரை மீட்டர், அதாவது 50 சென்டிமீட்டர். கண்ணாடி இல்லாமல் அந்தப் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும் எல்லை அவ்வளவுதான், அதற்கு அப்பால் கரும்பலகை உட்பட எல்லாமே மங்கல். மைனஸ் 4 என்றால் எல்லை 25 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். கிட்டப்பார்வை உள்ளவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, புத்தகத்தை மெல்லத் தள்ளிக்கொண்டே போங்கள், எழுத்து மங்கத் தொடங்கும் இடத்தை ஸ்கேலால் அளந்து, 100-ஐ அந்த அளவால் வகுத்தால் உங்கள் பவருக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு உயிரியலுக்குப் போக வேண்டும். பிறக்கும்போது கண்ணின் நீளம் (முன்னிருந்து பின்வரை) சுமார் 17 மில்லிமீட்டர், பெரியவர்களுக்குச் சுமார் 24. கண்ணின் மொத்தத் திறன் ஏறக்குறைய 60 டையாப்டர் (சீட்டில் எழுதும் பவரின் அலகுதான் இது), அதில் மூன்றில் இரண்டு பங்கு கண்ணின் முன்னால் ஒளி ஊடுருவும் படலமாக இருக்கும் கார்னியாவுடையது. லென்ஸ்தான் எல்லாம் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது மீதியைத்தான் செய்கிறது, கூடவே தூரத்துக்குத் தக்கபடி வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. இந்தத் திறனுக்கும் கண்ணின் நீளத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். கண் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே இரண்டரை முதல் மூன்று டையாப்டர் வரை கிட்டப்பார்வை வந்துவிடும், பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழும். மைனஸ் கண்ணாடியில் இருக்கும் குழிலென்ஸ் ஒளிக்கதிர்களைச் சற்று விரித்து அனுப்பி, பிம்பத்தைப் பின்னால் தள்ளி விழித்திரையில் விழ வைக்கிறது. கண் எத்தனை நீளமோ அத்தனை நீளத்திலேயே இருக்கும்.

அதனால்தான் "கண்ணாடி போட்டதிலிருந்து பவர் ஏறிக்கொண்டே போகிறது" என்று பெற்றோர் சொல்லும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பிள்ளை வளர்கிறது, கண்ணும் நீள்கிறது, ஏறுவதற்கு அதுதான் காரணம். வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் அந்த வளர்ச்சி நிற்கவில்லை. கேரட்டும் கண் பயிற்சியும் நீண்ட கண்ணைச் சுருக்காது. உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு, தினமும் இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சத்தில் விளையாட விடுவது. கிட்டப்பார்வை வருவதையே அது ஓரளவு தள்ளிப்போடுகிறது.

அப்புறம், சின்னப் பிள்ளைகள் விஷயம். ஒரு கண்ணில் மட்டும் பவர் இருந்தால் பிள்ளை எந்தப் புகாரும் சொல்லாது, இன்னொரு கண்ணால் சமாளித்துவிடும். மூளையோ மங்கலான கண்ணை ஒதுக்கப் பழகிவிடும், ஏழெட்டு வயதுக்குப் பிறகு கண்ணாடி போட்டாலும் அந்தப் பார்வையை முழுசாக மீட்பது கடினம். பள்ளியில் சேர்க்கும் முன்பே ஒருமுறை இரு கண்களையும் தனித்தனியாகப் பரிசோதித்துவிடுங்கள்.