எந்தக் கயிற்றை இழுப்பது?

"ஏல, அந்தக் கயித்தத் தொடாத!" என்று பி.டி. சார் கத்தாமல் எங்கள் பள்ளிக்கூடத்தில் குடியரசு தினம் விடிந்ததில்லை.

கொடிக்கம்பத்தில் தொங்குவது இரண்டு கயிறு. கொடியின் மேல் மூலையில் கட்டிய கயிறு கப்பி மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, கம்பத்தில் கட்டியிருக்கும். அதை இழுத்தால் கொடி மூட்டை கப்பியில் போய்ச் சிக்கும். கீழ் மூலைக் கயிறுதான் இழுக்க வேண்டியது. கொடியை மடித்து, உள்ளே பூவிதழ் வைத்து, அந்தக் கயிற்றாலேயே இரண்டு சுற்று சுற்றுவார்கள். அப்புறம் நுனியை நுழைக்காமல், கயிற்றை வளையமாக மடித்துச் சுற்றுக்கு அடியில் செருகுவார்கள். இதுதான் உருவாஞ்சுருக்கு. மூட்டையின் எடையை உராய்வு தாங்கிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் வளையம் உருவிக்கொண்டு வந்துவிடும். நுனியையே நுழைத்திருந்தால் இழுக்க இழுக்க இறுகும். மாட்டை அவசரத்துக்கு அவிழ்க்கிற மாதிரி கட்டுவதும் இதே வித்தைதான்.

டெல்லி வழக்கப்படி இந்த அவிழ்ப்பு ஜனவரிக்கு மட்டும் உரியது. ஆகஸ்ட் 15இல் கொடி அடியிலிருந்து ஏற வேண்டும். 1947இல் யூனியன் ஜாக் இறங்கி நம் கொடி ஏறியதன் நினைவு அது. ஜனவரி 26இல் கொடி ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது, விரிப்பதுதான் பாக்கி. எங்கள் பள்ளியில் இரண்டு நாளும் ஒரே முடிச்சு. பூ கொட்டாத கொடியேற்றம் யாருக்குப் பிடிக்கும்?

ஏறியதற்கும் விரிந்ததற்கும் நடுவே 29 மாதம். அதுவரை சட்டப்படி நம் மன்னர் ஆறாம் ஜார்ஜ். குடியரசு என்று அரசியல் நிர்ணய சபை 1947 ஜனவரி 22இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. ஆனால் காமன்வெல்த்தில் இருக்க மன்னரை ஏற்க வேண்டுமே? 1949 ஏப்ரலில் லண்டனில் வழி கண்டார்கள்: மன்னர் காமன்வெல்த்தின் தலைவர், இந்தியாவுக்குத் தலைவர் அல்ல. விடுதலை வாங்கிய பிறகும் அந்தக் கூட்டு எதற்கு என்று சபையில் சிலர் மல்லுக்கு நின்றார்கள். மே மாதம் ஒப்புதல் ஆனது.

1908இல் திருநெல்வேலி கோர்ட் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது ராஜத்துரோகத்துக்காக. 1950 ஜனவரி 26இல் ராஜா போனார். சட்டப் பிரிவு மட்டும் வெகுகாலம் தங்கிவிட்டது.

சரி, முடிச்சுக்கு வருவோம். தை மாதப் பனியில் பருத்திக் கயிறு ஈரம் குடித்து உப்பும், சுற்று இறுகும், வளையம் உருவ மறுக்கும். நைலான் அவ்வளவாக உப்பாது, ஆனால் வழுக்கும். முந்தின நாளே கட்டி வைத்தால் ராத்திரியே அவிழ்ந்து தொங்கினாலும் தொங்கும். அதனால் பி.டி. சார் விடிந்த பிறகுதான் கட்டுவார்.

காற்று இன்னொரு தொல்லை. ஆகஸ்டில் தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று கொடியை நிற்கவே விடாது. தையில் அது கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பி.டி. சார் கயிற்றை இரண்டு தடவை சுண்டிப் பார்ப்பார். அதற்குள் மிட்டாய் டப்பாவைத் திறந்திருப்பார்கள்.