கேன் தண்ணீர் தின்ற ரேடியேட்டர்

தை முகூர்த்தங்கள் முடிந்த கையோடு மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, எக்ஸ்போர்ட் போட்டா பத்து நிமிஷத்துல சிஸ்டம் ஆஃப் ஆயிடுது." போய்ப் பார்த்தேன். வாட்டர் கூலிங் வைத்த கம்ப்யூட்டர்: பம்ப் சுற்றவிடும் தண்ணீர் பிராசசரின் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்பும். இந்தச் சுற்றைத்தான் லூப் என்போம். பம்ப் சத்தம் கேட்கிறது. ஆனால் குழாய்களைத் தொட்டால் ஒன்று சுடுகிறது, மற்றது சில்லென்று கிடக்கிறது. ஓட்டம் சரியாக இருந்தால் இரண்டுக்கும் கைக்குத் தெரிகிற அளவு வித்தியாசம் இருக்காது. எங்கோ அடைத்திருக்கிறது.

பிராசசர் மேல் உட்காரும் பிளாக்கைக் கழற்றித் திறந்தேன். உள்ளே செம்புத் தகட்டில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் காடிகள். பல்லுக்குப் பல் ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. அந்த இடுக்கு முழுக்க, வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து அப்பியதுபோல் வெள்ளைப் பசை. ஓரத்தில் பச்சைக் களிம்பு. என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். "குடிக்கிற கேன் தண்ணிதாண்ணே. சுத்தமாத்தானே இருக்கும்?"

குடிக்கச் சுத்தம்தான். ஆனால் குடிநீருக்கான இந்தியத் தர அளவே லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்புகள் கரைந்திருக்கலாம் என்கிறது. கேன் தண்ணீரில் அதைவிடக் குறைவாக இருக்கலாம், இல்லாமல் போகாது. வயிற்றுக்குச் சரி, லூப்புக்கு ஆகாது. அதிலும் அவர் பிளாக் செம்பு, ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ரேடியேட்டர் அலுமினியம். உலோகங்களில் எது எளிதாகக் கரையும் என்று காட்டும் மின்வேதி வரிசையில் செம்பு +0.34 வோல்ட், அலுமினியம் −1.66. இரண்டையும் உப்புத் தண்ணீரில் சேர்த்து நனைத்தால் நீங்களே ஒரு பேட்டரி செய்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதில் கரைந்து போவது அலுமினியம்தான்.

அலுமினியத்துக்குக் காவல் அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு முதலில் அதைத்தான் ஓட்டை போடும். அப்புறம் செம்பிலிருந்து கரைந்து வரும் அயனிகள் அலுமினியத்தில் போய்ப் படியும். படிந்த இடத்திலெல்லாம் குழி விழும். கரைந்த அலுமினியம்தான் வெள்ளைப் பசையாகப் பிளாக்கில் வந்து அடைத்திருந்தது. கேன் தண்ணீருக்கே இப்படி. வேதாரண்யம் பக்கம் கடலோரத்து உப்பு போர் தண்ணீரை ஊற்றினால் சொல்லவே வேண்டாம்.

பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா, "புளி போட்டுத் தேய்ங்க தம்பி, செம்புதானே" என்றார். யோசனை தப்பில்லை. புளிப்பு களிம்பைக் கரைக்கும். ஆனால் சக்கை பல்லுக்குள் சிக்கிக்கொள்ளும். வினிகரில் தண்ணீர் கலந்து கொஞ்சம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, டிஸ்டில்ட் வாட்டரில் அலசுவது என் வழக்கம். நிக்கல் பூசிய பிளாக்கில் இதைச் செய்யாதீர்கள், பூச்சு கெட்டுவிடும்.

இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. சுற்றச் சுற்ற அதிலும் உலோகம் கரைந்து, மின்சாரம் கடத்த ஆரம்பித்துவிடும். கூலண்ட் என்று விற்பதில் அரிப்புத் தடுப்பானும் (செம்புக்குப் பெரும்பாலும் பென்சோட்ரையசோல்) பாசி பிடிக்காமலிருக்க மருந்தும் கலந்திருக்கும்.

பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகச் சேர்த்து சீல் செய்து வரும் ஏஐஓ (ஆல்-இன்-ஒன்) கூலர்களிலும் பெரும்பாலும் செம்பும் அலுமினியமும்தான். கம்பெனி ஊற்றிய கூலண்டின் தயவில் ஓடுகின்றன. வருடக்கணக்கில் ரப்பர் குழாய் வழியே நீர் கசிந்து குறையும். பம்ப் கொடகொடவென்று சத்தம் போடும். அதைத் திறந்து டாப்-அப் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. புதிது வாங்குங்கள்.

நீங்களே கட்டிய லூப் என்றால் எல்லாம் செம்பு, பித்தளையாக இருக்கட்டும். வருடம் ஒருமுறை கூலண்டை வடித்து மாற்றுங்கள். எனக்குச் சம்பா அறுவடை முடிந்ததும் வசதி; ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தில் அடைந்திருக்கும் பதர்த் தூசியையும் அப்போதே ஊதிவிடலாம். நிரப்பியபின் மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமல், மூட்டுகளுக்கு அடியில் டிஷ்யூ வைத்து, பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிடுங்கள். ஒருமுறை அவசரத்தில் ஒரு மணி நேரத்தோடு நிறுத்தினேன். கிராபிக்ஸ் கார்டு ஒன்று என் கைக்காசில் போனது.

எடிட்டரின் பிராசசருக்குத் தண்ணீர் இல்லாமல் ஃபேனில் ஓடும் ஏர் கூலர் மாட்டிவிட்டு வந்தேன். சத்தம் கொஞ்சம் கூடத்தான். வாய்ஸ் பதிவு செய்வது வேறு அறையில் என்பதால் அவருக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.