ஒரு கோடிக்கு வேலை செய்தீர்கள், சரி. இலாபம் எங்கே?

"அண்ணை, இந்த வருசம் ஒரு கோடி தாண்டிட்டம். ஆனா பட்டா லொறிக்கு லீசிங் கட்டக் காசில்லை."

வீட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தம்பிமார், கணக்காளரான என் மேசைக்கு முன்னால் இருந்து இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். போன கிழமையும் ஒருவர் வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை நிறையப் பற்றுச்சீட்டு, பாதி மழையில் நனைந்து எழுத்து அழிந்தது. இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலுக்கு வேலை இல்லை என்று யாரும் என்னிடம் வந்ததில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டும் வீடுகள், புது விடுதிகள், கலியாண மண்டபங்கள் என்று நல்ல கிராக்கி இருக்கிறது. வேலை கூடக் கூடக் கடன் கூடுவதுதான் நான் பார்க்கும் வியாதி.

காரணம் ஒரே ஒரு தவறான எண்ணம்: முற்பணம் கைக்கு வந்தால் அது வருமானம் என்று நினைப்பது. தம்பி, அது உங்கள் காசு இல்லை. வீட்டுக்காரர் 4 இலட்சம் தந்தார் என்றால், அந்த நிமிடத்தில் நீங்கள் அவருக்கு 4 இலட்சம் பெறுமதியான புல்லும் மண்ணும் பூங்கன்றும் கடன். சீட்டுக் கட்டி முதல் மாதமே காசை எடுத்தவர் "எனக்கு இவ்வளவு வருமானம்" என்று சொன்னால் ஊர் சிரிக்கும் அல்லவா? இதுவும் அதேதான், கட்டி முடிக்கும்வரை தவணை இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? கோண்டாவில் வீட்டு முற்பணத்தில் கொக்குவில் வேலையை முடிக்கிறார்கள். கோண்டாவிலை முடிக்கச் சாவகச்சேரியில் புது வேலை பிடிக்கிறார்கள், அதுவும் விலை குறைத்து, ஏனென்றால் முற்பணம் அவசரம். வங்கிக் கணக்கில் காசு ஓடிக்கொண்டே இருப்பதால் இலாபம் வருவதாகத் தோன்றுகிறது. புது வேலை ஒரு மாதம் பிந்தினால்தான் பள்ளம் தெரிகிறது. அன்றைக்குத்தான் என்னைத் தேடி வருகிறார்கள். கணக்காளரிடம் வருவதற்கு அது மிகப் பிந்திய நாள்.

ஒரு வேலையை எடுத்து எழுதிப் பார்ப்போம். 8 இலட்சத்துக்கு ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். மண், புல், கன்று, கல் 3,20,000. ஆட்கூலி 2,40,000. ஏற்றியிறக்கும் செலவும் எரிபொருளும் 60,000. மிச்சம் 1,80,000 என்று சந்தோசப்படுகிறீர்கள். இரண்டு கிழமை வெயிலில் நின்ற உங்களுக்குச் சம்பளம் இல்லையா? வேறொருவரை மேற்பார்வைக்கு வைத்திருந்தால் 60,000 கொடுத்திருப்பீர்கள். வாகனம், புல் வெட்டும் மெசின் தேய்வதற்கு 40,000. வேலையாட்களின் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 36,000. இப்போது கையில் 44,000. கடைசியில் வீட்டுக்காரர், "அந்த மூலையில் புல் பிடிக்கவில்லை" என்று சொல்லிப் பத்தில் ஒரு பங்கு, 80,000 ரூபாயைப் பிடித்து வைக்கிறார். 8 இலட்சம் வேலையில் 36,000 நட்டம். ஒரு கோடியை எட்ட இப்படி எத்தனை வேலை செய்தீர்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நான் தோட்டக்காரன் இல்லை. ஆனாலும் செலவுச் சீட்டுகளைப் பார்த்தால் எங்கே அடி விழுந்தது என்று தெரிந்துவிடும். வலிகாமத்தில் பல வளவுகளில் செம்மண் கொஞ்ச ஆழம்தான், கீழே சுண்ணாம்புக்கல். மரம் நடக் குழி வெட்டப் போனால் அலவாங்கு இறங்காது. படத்தைப் பார்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாட்சப்பில் விலை சொன்னவர் கல்லுடைக்கும் மெசினுக்குத் தன் பையிலிருந்து கொடுக்கிறார். கடற்கரைப் பக்கமோ தீவுப் பக்கமோ என்றால் கிணற்றுத் தண்ணீர் உவர். மலேசியன் புல் மஞ்சளாகி, திரும்பப் பதிக்கும் செலவும் உங்கள் தலையில். போய்ப் பாருங்கள், இரண்டு இடத்தில் தோண்டுங்கள், தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், பிறகு விலை சொல்லுங்கள். கல் வந்தால் மேலதிகச் செலவு யாருடையது என்று எழுத்தில் போடுங்கள்.

அடுத்தது எனக்குக் கோபம் வரும் இடம். "நாட்கூலிதானே அண்ணை, ஈபிஎப் தேவையில்லை." யார் சொன்னது? ஒரே ஒருவரை வைத்திருந்தாலும், தற்காலிகமோ நாட்கூலியோ, கட்டத்தான் வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். விட்டுவிட்டுப் பல வருடம் கழித்துக் கட்டினால் மேலதிகத் தண்டமும் சேர்ந்து வரும்.

பருவத்தையும் யோசியுங்கள். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு எல்லாரும் ஊருக்கு வருவார்கள், அதற்குள் வளவு பச்சையாக வேண்டும் என்பார்கள். வேலை குவியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும், வேலை நிற்கும், லீசிங் நிற்காது. இந்த இடைவெளியை மாதப் பராமரிப்பு வேலைதான் அடைக்கும். புல் வெட்டுவது, களை பிடுங்குவது, எரு போடுவது எல்லாம் சின்னக் காசுதான், யாரும் முகநூலில் படம் போடமாட்டார்கள். ஆனால் வீட்டுக்காரர் கனடாவில் இருந்தாலும் மாதாமாதம் வரும். பராமரிப்புக் காசு மட்டுமே லீசிங்குக்கும் நிரந்தர ஆட்களின் சம்பளத்துக்கும் போதும் என்ற மாதம் வந்தால் எனக்குச் சொல்லுங்கள், அதைக் கொண்டாடுவோம். ஒரு கோடியை நான் கொண்டாடமாட்டேன்.

தயவுசெய்து இவற்றையாவது செய்யுங்கள். முற்பணத்துக்கு வேறு வங்கிக் கணக்கு திறந்து, வேலை நடக்க நடக்க அதிலிருந்து எடுங்கள். உங்களுக்கு மாதச் சம்பளம் ஒன்றைத் தீர்மானித்து அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். முழுக் காசையும் இரண்டு தவணையில் வாங்காமல் நாலாகப் பிரியுங்கள், கடைசித் தவணை சின்னதாக இருக்கட்டும். புல் விற்கும் ஐயா பற்றுச்சீட்டு தரமாட்டார் என்றால், நீங்களே ஒரு சீட்டு எழுதி அவர் கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும் வாங்குங்கள். சீட்டு இல்லாத செலவை வரிக் கணக்கில் காட்ட நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை தனிநபர் நிவாரணம் இருக்கிறது, அதாவது அவ்வளவு வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் செலவை நிரூபிக்க முடியாவிட்டால் இல்லாத இலாபத்துக்கும் வரி கட்ட வேண்டி வரும்.

வருமான வரி விவரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. வங்கிக் கூற்றும் சீட்டுகளும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு ஏப்ரலிலேயே வாருங்கள். 29ஆம் திகதி பின்னேரம் ஷொப்பிங் பையோடு வருபவர்களுக்கு என் அலுவலகம் பூட்டு.