நரம்புறையா, குளிர்த்தடையா?

தோள்மூட்டுத் தேய்மானத்தால் வருடக்கணக்கில் வலியோடு இருப்பவர்களுக்குச் செய்யும் ஒரு சிகிச்சையை ‘நரம்புறை சிகிச்சை’ என்று எழுதுகிறார்கள். படிக்கிறவர் என்ன நினைப்பார்? நரம்பின் மேலுறையில் ஏதோ கோளாறு, அதற்கு வைத்தியம் என்றுதானே? எழுதியவர் சொல்ல வந்ததோ நரம்பை உறைய வைப்பதை.

மூலச்சொல் கிரையோநியூரோலிசிஸ். எல்லாம் கிரேக்கம்: ‘கிரையோஸ்’ கடுங்குளிர், ‘நியூரான்’ நரம்பு, ‘லிசிஸ்’ கட்டவிழ்ப்பு. 1976-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் இதே முறைக்குக் ‘கிரையோஅனல்ஜீசியா’, அதாவது குளிரால் வலிநீக்கம், என்று பெயர் வைத்தார்கள். அது எவ்வளவோ தெளிவு.

சிகிச்சை இதுதான். தோள்மூட்டின் வலியைப் பெரும்பாலும் மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு, தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பில் ஒரு சிறு பள்ளம் வழியாகப் போகிறது. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசி போன்ற கருவியை அதன் அருகே கொண்டுபோகிறார்கள். உள்ளே அழுத்தத்தில் வரும் நைட்ரஸ் ஆக்சைடு முனையில் விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. முனையைச் சுற்றிச் சின்ன ஐஸ் உருண்டை கட்டுகிறது. வாயு உடம்புக்குள் போவதில்லை, வந்த வழியே திரும்பிவிடும். நரம்பிழை சிதைந்து செயலிழக்கிறது. ஆனால் இழையைச் சுற்றியுள்ள இணைப்புத்திசு உறைகள் பிழைத்துக்கொள்கின்றன. குழாய் போன்ற அந்த உறைகளுக்குள்ளேயே இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் மறுபடி வளர்கிறது. அதனால்தான் சில மாதம் வலி அடங்கி, பிறகு திரும்பக்கூடும்.

கவனியுங்கள்: எது சேதப்படாமல் தப்புகிறதோ, அந்த உறையின் பெயரையே சிகிச்சைக்கு வைத்திருக்கிறார்கள்!

‘உறை’ தமிழில் ஏற்கெனவே சுமை தாங்கும் சொல். தலையணைக்கு உறை, தயிருக்கு உறை ஊற்றுவது, இரத்தம் உறைவது. போதாக்குறைக்கு ‘உறைந்த தோள்’ வேறு. 1934-இல் காட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயரை அப்படியே பெயர்த்தது. அந்த நோய்க்கும் குளிருக்கும் சம்பந்தமே இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு தடித்துக் கை தூக்க முடியாமல் இறுகிவிடுகிறது. தோள் இறுக்கம் என்றால் யாருக்கும் புரியும். இப்போது இரண்டையும் சேர்த்து ‘உறைந்த தோளுக்கு நரம்பை உறைய வைத்தல்’ என்று தலைப்புப் போட்டால், ஏற்கெனவே உறைந்ததை இன்னும் ஏன் உறைய வைக்கிறார்கள் என்று கேட்கத்தான் தோன்றும்.

‘லிசிஸ்’ என்பதைப் பிடித்துக்கொண்டு ‘நரம்பழிப்பு’ என்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவ அகராதிப்படி சரி. ஆனால் ஒப்புதல் படிவத்தில் ‘நரம்பழிப்புக்குச் சம்மதிக்கிறேன்’ என்றிருந்தால் எந்தப் பாட்டி கையெழுத்துப் போடுவார்? திரும்ப வளரப்போகிற நரம்புக்கு அழிப்பு என்ன அழிப்பு! மொழிபெயர்ப்பவர் நோயாளியின் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பதில்லை. சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டால் வேலை முடிந்தது அவருக்கு. ‘பனிச் சிகிச்சை’யும் வேண்டாம், பனி என்றால் நமக்கு மார்கழிக் காலையில் புல்மேல் கிடப்பது.

என் பரிந்துரை: நரம்புக் குளிர்த்தடை. எங்கே, எதனால், என்ன என்ற மூன்றும் இருக்கின்றன. மரத்துப்போக ஊசி போட்டு நரம்பைச் சில மணிநேரம் தடுப்பதை ‘நரம்புத் தடை’ என்று சொல்லலாம். இது அதன் நீண்டகால உறவு. தடை என்றால் விலகும் என்பதும் தமிழருக்குத் தெரியும். ரேடியோ அலையால் சூடாக்கிச் செய்வதற்கு ‘நரம்பு வெப்பத்தடை’ என்று ஜோடியும் கிடைத்துவிடுகிறது.